கிணற்றுச் சண்டைக்கு எந்த வழி: ஊர்ப்பேச்சா, லோக் அதாலத்தா, மத்தியஸ்தமா?

கேரளத்தில் தமிழர் வாழும் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கம் பங்காளிச் சண்டை என்றால் பெரும்பாலும் கூட்டுக்கிணற்றின் மோட்டார் முறை, தோப்புக்குப் போகிற வண்டிப்பாதை, இல்லாவிட்டால் வரப்பு. பாலக்காட்டுச் சித்தூர் முன்சிஃப் கோர்ட்டில் வாய்தா வாய்தாவாக அலையாமல் முடிக்க வழிகள் உண்டு. ஆனால் எல்லாம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

பெரியவர்களை வைத்துப் பேசினால் காசு செலவில்லை. ஒருவர் பேச்சை மீறினால்தான் சிக்கல், கேட்க நாதியிருக்காது. வெள்ளைத்தாளில் பாகம் பிரித்துக் கையெழுத்து வாங்கினாலும், பதிவாகாத பாகப்பத்திரத்தை நம்பிக் கோர்ட்டுக்குப் போக முடியாது. மிரட்டி முடிக்கிற கட்டப்பஞ்சாயத்து பற்றிப் பேச்சே வேண்டாம். 2011-லேயே உச்ச நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்றுவிட்டது.

லோக் அதாலத், அதாவது சமரசம் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றம், நேர் எதிர். தாலுகா சட்ட சேவைக் குழுவில் மனு கொடுத்தால் போதும், கட்டணமில்லை, வழக்கே போடாமலும் போகலாம். ஏற்கெனவே இருக்கும் வழக்கு அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்ப வரும். 1987 சட்டப்படி அங்கே எழுதப்படும் முடிவு சிவில் கோர்ட்டின் டிக்ரிக்கு (தீர்ப்பாணைக்கு) சமம், அப்பீல் கிடையாது. பலமும் அதுதான், பயமும் அதுதான். பேங்க் கடன், சிட்டி (சீட்டு) பாக்கி, விபத்து நஷ்டஈடு என்று தொகையை மட்டும் பேசி முடிக்கிற விஷயத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. கிணற்றுக்கு? ஒரே நாளில் கட்டுக் கட்டாய்க் கோப்பு நகரும் இடத்தில் அண்ணன் தம்பி மனசுவிட்டுப் பேச நேரம் ஏது.

அதற்கு மத்தியஸ்தம்தான் என் தேர்வு. வழக்கு நடக்கும்போதே சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவில் கோர்ட்டே அனுப்பிவைக்கும். மத்தியஸ்தர் இருவரையும் தனித்தனியாகவும் உட்காரவைத்துக் கேட்பார். அங்கே சொன்னது கோர்ட்டில் சாட்சியாக வராது. தண்ணீர்ச் சண்டையைத் தோண்டினால் அடியில் பெரும்பாலும் அழைக்காத ஒரு கல்யாணம் கிடக்கும்! ஒத்துவராவிட்டால் வழக்கு பழைய இடத்திலேயே தொடரும், நஷ்டமில்லை.

ஆர்பிட்ரேஷன், அதாவது தனி நடுவரை வைத்துத் தீர்ப்பு வாங்குவது, பங்காளிகளுக்கு வேண்டாத செலவு. எழுத்து ஒப்பந்தம் வேண்டும், நடுவருக்குச் சம்பளமும் தரவேண்டும். வியாபாரக் கூட்டாளிகளுக்குச் சரி.

எந்த வழியானாலும் நம்மவர்கள் சறுக்குவது எழுத்தில். பேச்சு தமிழில் நடக்கும், கடைசித் தாள் மலையாளத்தில் வரும். மலையாளம் சரளமாகப் பேசும் பெரியவர்கள் பலருக்கு வாசிக்க வராது. வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டபிறகே கையெழுத்து. 'வழக்கம்போல் பாதை விடவும்' என்றிருந்தால் திருப்பிக் கொடுங்கள். சர்வே எண், எந்த வரப்பு, எத்தனை மீட்டர் அகலம், எந்தக் கிழமை யாருக்கு மோட்டார், ரிப்பேர் செலவில் யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் தாளில் இருக்கவேண்டும்.