வேலூர் வெயிலுக்கும் போர் தண்ணீருக்கும்: மணி பிளான்ட்டா, ஸ்நேக் பிளான்ட்டா?

வீட்டுக்குள் ஒரு செடிக்குத்தான் இடம் என்றால், வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு ஸ்நேக் பிளான்ட்டைத்தான் சொல்வேன். நம் பக்கத்து மருள் செடியின் இனம்தான் அது.

மணி பிளான்ட் தரும் சந்தோஷம் வேறு. நல்ல வெளிச்சத்தில் மாதம் இரண்டு மூன்று இலை விடும். கணுவோடு வெட்டிக் கொடுத்தால் பக்கத்து வீட்டிலும் படரும். ஸ்நேக் பிளான்ட்டில் வருடத்துக்கு நாலைந்து இலை வந்தாலே அதிகம். ஆனால் மண்ணைப் பிளந்து, சுருட்டிய ஈட்டி போல எழும் அந்தக் குருத்தைத் தினமும் காலையில் போய்ப் பார்க்கத் தோன்றும்.

இரண்டும் நர்சரியில் மலிவாகக் கிடைக்கும், இரண்டுக்கும் நேர் வெயில் வேண்டாம். காற்றைச் சுத்தம் செய்வதைப் பற்றிய பேச்சை விட்டுவிடலாம். அந்தப் பேச்சுக்குக் காரணமான, 1989இல் வந்த நாசா ஆய்வு மூடிய பெட்டிக்குள் நடந்தது. ஜன்னல் திறந்த வீட்டில் நாலு தொட்டி எதையும் மாற்றாது.

தீர்மானிப்பது தண்ணீர்தான், அதிலும் தண்ணீரில் உள்ள உப்பு. பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் கழிவு இறங்கிய இடங்களில் நிலத்தடி நீரின் உப்பைச் சொல்லவே வேண்டாம். உங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1,500 என்று வைத்துக்கொள்வோம்: லிட்டருக்கு ஒன்றரை கிராம் உப்பு. கத்திரி வெயிலில் எட்டு அங்குலத் தொட்டி மணி பிளான்ட்டுக்கு நாலு நாளைக்கு ஒருமுறை 300 மில்லி வேண்டும். மாதக் கணக்கு இரண்டேகால் லிட்டர், உப்பு 3.4 கிராம். ஸ்நேக் பிளான்ட்டுக்கு 15 நாளைக்கு ஒருமுறை அதே 300 மில்லி போதும், உப்பு 0.9 கிராம். தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு மண்ணிலேயே தங்கும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும், இலை நுனி பழுப்பாகக் கருகும். வாடுகிறதென்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள், உப்பு இன்னும் ஏறும். ஸ்நேக் பிளான்ட் இலைத்துளைகளைப் பெரும்பாலும் இரவில்தான் திறக்கும்; பகல் வெயிலில் நீரை இழக்காததால்தான் இந்தச் சிக்கனம். இந்தக் கணக்கு மின்விசிறி ஓடும் அறைக்குத்தான். நாள் முழுக்க ஏசி ஓடும் அறைக்கு அப்படியே பொருத்த வேண்டாம்.

மணி பிளான்ட்தான் வேண்டும் என்றால் மழைநீரோ ஏசியிலிருந்து சொட்டும் நீரோ பிடித்து ஊற்றுங்கள். ஆர்ஓ கழிவுநீர் கூடவே கூடாது, உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, தொட்டி கொள்ளும் அளவைப் போல மூன்று மடங்கு மழைநீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே வடியவிட்டால் உப்பு கழுவிப் போகும். பாட்டிலில் வளர்ப்பவர்கள் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும். தவறினால் டெங்கு கொசுப் புழு வைக்கும்.

ஸ்நேக் பிளான்ட்டைக் கொல்வது அன்புதான், அதாவது அதிகத் தண்ணீர். அடி மஞ்சளாகி, கூழாகி, இலை சாய்ந்துவிடும். அதனால் தண்ணீர் தேங்காத மண் கலவை வேண்டும்: செம்மண் இரண்டு பங்கு, கழுவிய மணல் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. மெருகு பூசாத மண் தொட்டி. விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லாவிட்டால் மட்டும் ஊற்றவும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாதம் ஒருமுறையே போதும். அழுகல் கண்டால் பிடுங்கி, கெட்டதை வெட்டி எறிந்து, மூன்று நாள் நிழலில் காயவைத்து நடலாம்.

இரண்டையுமே குழந்தைகளும் பூனையும் கடிக்காத உயரத்தில் வையுங்கள். மஞ்சள் கரை போட்ட ஸ்நேக் பிளான்ட்டை இலைத் துண்டிலிருந்து வளர்த்தால் அந்தக் கரை வராது, வெறும் பச்சைதான் முளைக்கும். கரை வேண்டுமானால் கிழங்கோடு பிரித்துத்தான் நட வேண்டும்.