ஒரு சீ.ஆர். கொப்பியும் இரண்டு பட்டப்படிப்புகளும்

2022 செப்டெம்பரில் திருகோணமலை மத்திய வீதியில் 80 பக்கச் சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கினேன். இணையவழிப் பட்டப்படிப்பில் சேருவதற்கு முன் எதையெல்லாம் யாரிடம் கேட்க வேண்டும் என்று எழுதிவைப்பதற்காக. ஏழு மாதம் எழுதினேன். 2023 மே மாதம் ஓர் அரச பல்கலைக்கழகத்தில், வளாகத்துக்குப் போகாமல் வெளியிலிருந்து படித்துப் பரீட்சை எழுதும் வெளிவாரிப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். இப்போது மூன்றாம் வருடம். கொப்பி எதைச் சரியாகச் சொன்னது, எங்கே கோட்டைவிட்டது என்று பார்க்க இந்தக் காலம் போதும்.

கொப்பி வாங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் விலை 576,000 ரூபாய்.

கட்டடப் பொருள் விற்கும் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு. மூன்று பாடமும் சித்தி, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி போதவில்லை. 2021 கடைசியில், கொரோனா முடக்கத்தின் சோர்வு தீராத நாட்களில், "18 மாதத்தில் பிரித்தானியப் பட்டம், வீட்டிலிருந்தே" என்றொரு விளம்பரம் கைபேசியில் வந்தது. கொழும்பிலுள்ள ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம். கட்டணம் 3,200 பவுண், நான்கு தவணை. முதல் தவணை 800 பவுண் கட்டிய நவம்பரில் ஒரு பவுண் 270 ரூபாய் அளவில் இருந்தது. 216,000 ரூபாயை வங்கியில் கடனாக எடுத்தேன். 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயின் பெறுமதியைப் பிடித்துவைத்திருந்த கையை விட்டது. மே மாதம் இரண்டாம் தவணை வந்தபோது அதே 800 பவுணுக்கு 360,000 ரூபாய். அம்மாவின் இரண்டு காப்பும் அடகுக்குப் போயின. பவுண் கட்டுவதற்காகப் பவுணை அடகு வைத்தோம் என்று அம்மா சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அதற்கு முந்திய ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியிருந்தது. என் கடன் வட்டி மாறும் வகை. கடன் தாளில் அது எழுதியிருந்தது, நான் கையெழுத்தும் வைத்திருந்தேன். ஆகவே வங்கியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்த நாளில் இரவு ஏழு மணி வகுப்பை அயல்வீட்டு வாகன மின்கலத்தில் இணைத்த கைபேசியில் கேட்டேன். மூன்றாம் தவணைக்கு விற்க எதுவுமில்லை. விலகினேன். கட்டிய காசு திரும்பாது என்பது ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில், மூக்குக்கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் இருந்தது.

கொப்பியின் முதல் பக்கத்தில் நான் எழுதிய கேள்வி: பட்டத்தில் யாருடைய பெயர் இருக்கும்? இதைப் பழைய விளம்பரத்தின் மேல் வைத்துப் பார்த்தபோதுதான் விசயம் விளங்கியது. நான் படித்துக்கொண்டிருந்தது பட்டமே இல்லை; நிலை 5 டிப்ளோமா. இங்கிலாந்தின் தகைமைப் படிவரிசையில் இளமாணிப் பட்டம் நிலை 6. டிப்ளோமா முடித்தவர் ஏதாவதொரு பல்கலைக்கழகத்தில் கடைசி வருடத்தைப் படித்தால்தான் பட்டம் வரும். அதை 'டொப் அப்' என்கிறார்கள். அதில் மோசடி ஒன்றும் இல்லை, நல்ல பல்கலைக்கழகங்களும் செய்கின்றன. ஆனால் என் ஒப்பந்தத்தில் எந்தப் பல்கலைக்கழகம், அங்கே இடம் நிச்சயமா, அந்தக் கடைசி வருடத்துக்கான கட்டணம் இந்த 3,200இல் அடங்குமா என்று ஒரு வரியும் இல்லை. நான் கேட்கவும் இல்லை. இதன் அண்ணன் முறையான இன்னொரு வித்தை "நிலை 7 டிப்ளோமா, முதுமாணிக்குச் சமம்" என்பது. நிலை ஒன்றுதான், ஆனால் படிப்பின் அளவைக் காட்டும் கிரெடிட் பிரித்தானிய முதுமாணிக்கு 180, டிப்ளோமாவுக்கு 120. மிச்சம் 60 கிரெடிட்டைச் 'சமம்' என்ற சொல் விழுங்கிவிடுகிறது. இங்கிலாந்தின் தகைமைகளை ஒழுங்குபடுத்தும் ஒஃப்குவால் அமைப்பின் பதிவேடு இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. டிப்ளோமாவின் பெயரைத் தட்டினால் அதன் நிலையும் வழங்குபவரும் வரும். இரண்டு நிமிட வேலை.

கணக்கெழுதுபவள் செய்யத் தவறிய இன்னொரு கணக்கும் உண்டு. பிரித்தானிய இளமாணிப் பட்டம் 360 கிரெடிட். ஒரு கிரெடிட் 10 மணித்தியாலப் படிப்பு. மொத்தம் 3,600 மணித்தியாலம். 18 மாதம் என்பது 78 வாரம். வாரத்துக்கு 46 மணித்தியாலம் படிக்க வேண்டும். கடையில் நான் வாரத்துக்கு வேலை செய்வது 45. அந்த விளம்பரத்தைச் செய்தவர் நான் தூங்குவேன் என்பதையே கணக்கில் எடுக்கவில்லை.

அடுத்த பக்கங்கள் அங்கீகாரம் பற்றியவை. இந்தச் சொல்லைப்போலத் தேய்ந்துபோன சொல் வேறில்லை. எல்லா நிறுவனமும் 'அங்கீகரிக்கப்பட்டது'தான். யாரால் என்று கேட்க வேண்டும், அந்த 'யார்' யாரென்றும் கேட்க வேண்டும். 2015இல் நியூயோர்க் டைம்ஸ் நாளிதழ் கராச்சியிலிருந்த அக்சாக்ட் என்ற நிறுவனத்தைப் பற்றி வெளியிட்டது: போலிப் பல்கலைக்கழகங்களின் பெயரில் நூற்றுக்கணக்கான இணையத்தளங்கள், அவற்றுக்கு அங்கீகாரம் வழங்கப் போலி அமைப்புகளும் அதே கடையில். பொய்க்குப் பொய் சாட்சி. ஆகவே நிறுவனத்தின் தளத்திலுள்ள இலச்சினைகளை நான் பார்ப்பதை விட்டுவிட்டேன். இலங்கையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தளத்தில் அரச பல்கலைக்கழகங்களின் பட்டியலும், பட்டம் வழங்க அதிகாரம் பெற்ற அரசு சாரா நிறுவனங்களின் பட்டியலும் இருக்கின்றன. இரண்டாவது பட்டியலில் நிறுவனத்தின் பெயரைக் கண்டதும் மகிழக்கூடாது. அனுமதி ஒவ்வொரு பட்டத்துக்கும் தனித்தனி. வெளிநாட்டுப் பட்டம் என்றால் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குவதே என் வழி. தொலைபேசிப் பதிலை வைத்து எந்த நேர்முகத்துக்கும் போக முடியாது.

ஏழு மாதத்தில் மிகப் பெறுமதியான அரை மணி நேரம் இணையத்தில் கிடைக்கவில்லை, உவர்மலையில் கிடைத்தது. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், ஊழியர் விடயங்களைப் பார்க்கும் தாபனக் கிளையில் நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்ற ஓர் ஐயாவிடம் போனேன். விளம்பரத் தாள்கள் ஏழெட்டை அவர் முன் பரப்பினேன். ஒன்றையும் தொடவில்லை.

"பிள்ளை, நீர் எந்த வேலைக்குப் போகப் போகிறீர்?"

"இன்னும் நினைக்கவில்லை ஐயா. பட்டம் எடுத்தபிறகு..."

"முதலில் அரச வர்த்தமானியை எடும். உமக்குப் பிடித்த நாலு வேலையின் அறிவித்தலை வாசியும். அதில் என்ன பட்டம் கேட்கிறார்கள், எத்தனை வருடப் படிப்பு என்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வாரும். இந்தத் தாள்களை அப்போது பார்ப்போம்."

வாசித்தேன். ஆசிரியர் சேவையோ, வேறு எதுவோ, பட்டம் கேட்கும் இடங்களில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்த பட்டம் என்ற சொற்றொடர் மறுபடி மறுபடி வந்தது. தனியார் விளம்பரங்களையும் சேர்த்தேன். சீனன்குடாப் பக்கத்துத் தொழிற்சாலைகளும் உப்புவெளி விடுதிகளும் கணக்காளர் உதவிக்குப் பட்டத்தைவிடக் கணக்கியல் தொழிற்தகைமைப் பரீட்சைகளைத்தான் கேட்டன. அதை முன்பே பார்த்திருந்தால் பட்டப் பக்கமே போயிருக்க மாட்டேனோ என்று இன்றும் சில இரவுகளில் யோசிக்கிறேன்.

வெளிவாரி என்றால் இரண்டாந்தரம் என்று மூக்கைச் சுளிப்பவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறப்பதற்கு முன், 1921 முதல் கொழும்பிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரி தன் மாணவரைத் தயார்செய்ததே இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்குத்தான். இதைச் சொன்னால் சித்தப்பா பேச்சை மாற்றுவார்.

கடனைப் பற்றி ஒரு பக்கம்தான் எழுதினேன். ரூபாயில் இல்லாத கட்டணம் வேண்டாம். வட்டி மாறும் கடன் வேண்டாம். வீட்டு நகை வேண்டாம். உயர்தரம் முடித்து அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு, தெரிவுசெய்யப்பட்ட அரசு சாரா நிறுவனங்களில் படிக்க 2017இல் அரசு தொடங்கிய வட்டியில்லாக் கடன் ஒன்று உண்டு. அது அண்மையில் பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்கானது, நான் அந்த வயதைத் தாண்டிவிட்டேன். எனக்குக் கைகொடுத்தது கடைப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து போடும் சீட்டு. வருடக் கட்டணம் கட்டும் மாதத்தில் சீட்டை எனக்கு விட்டுத் தந்தார்கள்.

இனி, கொப்பி கோட்டைவிட்ட இடங்கள்.

பாடங்களின் ஒளிப்பதிவுகள் இணையத்தில், பரீட்சை கொழும்பில் என்று எழுதியிருந்தேன். அதன் விலையை எழுதவில்லை. இரவு ரயிலில் ஏறினால் விடியும்போது கொழும்புக் கோட்டை நிலையம். பரீட்சைகள் இரண்டு வார இறுதிக்குப் பரவியிருக்கும். வெள்ளவத்தையில் அறை, சாப்பாடு, கடையில் சம்பளமில்லா விடுமுறை. இதுவரை பல்கலைக்கழகத்துக்குக் கட்டியது 118,000 ரூபாய். போக்குவரத்துக்கும் தங்கலுக்கும் போனது 94,000. இரண்டாவது எண் கொப்பியில் எங்கும் இல்லை. தனியார் வகுப்புக் காசு வேறு. வெளிவாரி மாணவருக்குப் பரீட்சை வைப்பது பல்கலைக்கழகம், விளங்கிக்கொள்வது பெரும்பாலும் அவரவர் பாடு.

மொழி எனக்கு விழுந்த பெரிய அடி. ஆங்கிலமூலம் என்று தெரிந்துதான் சேர்ந்தேன். நான் கடையில் தினமும் கணக்குகளின் பரீட்சை மீதி எடுக்கிறேன், ஐந்தொகை தயாரிக்கிறேன், பெறுமானத் தேய்வு கழிக்கிறேன். அதே சங்கதிகள் ஆங்கிலத்தில் வந்தபோது யாரோ அறிமுகமில்லாதவர்கள்போல நின்றன. முதல் வருடத்தில் கணக்கியலிலேயே சித்தியடையவில்லை. கணக்கெழுதி வயிறு வளர்ப்பவள்! அந்தப் பாடத்தை மறுபடி எழுத மறுபடி கட்டணம், மறுபடி ரயில். மீள்பரீட்சைக் கட்டணம் எவ்வளவு என்பதும் முன்பே கேட்டிருக்க வேண்டியதே.

காலத்தையும் தவறாகக் கணித்தேன். மூன்று வருடம் என்றார்கள், நாலரையில் முடிந்தால் கோணேசருக்கு அர்ச்சனை செய்வேன். பரீட்சைத் திகதி இரண்டு முறை தள்ளிப்போனது, ஒருமுறை பெறுபேறு வர எட்டு மாதம். முடித்தவர்கள் மூவரிடம் விசாரித்திருந்தேன். மூவரும் "கொஞ்சம் தாமதமாகும்" என்றார்கள். இடையில் விட்டவர் ஒருவரையாவது தேடியிருந்தால் அந்தக் 'கொஞ்ச'த்தின் நீளம் தெரிந்திருக்கும். மாரியில் வாடைக்காற்று எழும்பினால் எங்கள் பக்கம் இணையமும் படுத்துவிடும். அந்த மாதங்களில் அச்சடித்த குறிப்புகளோடு திருகோணமலைக் கோட்டைக்குப் போகும் வீதியில் உட்காருவேன். அங்கே திரியும் மான் ஒன்று வியாபாரச் சட்டத்தில் இரண்டு பக்கம் தின்றது. அது பரீட்சையில் வரவில்லை, நல்ல வேளை.

அம்மாவின் காப்புகளில் ஒன்றை 2024இல் மீட்டேன். மற்றது அதற்கு முன்பே ஏலத்தில் போய்விட்டது. முதல் கடனின் கடைசித் தவணை வரும் மார்ச்சில் முடிகிறது. கொப்பிக்கு நூற்றுக்கு அறுபத்தைந்து கொடுப்பேன். யாருடைய பெயரில் பட்டம், யார் அதை ஏற்பார்கள், எந்த நாணயத்தில் காசு என்பவற்றை அது சரியாகப் பார்த்தது. என்னைப் பற்றித்தான் அது எதையும் கேட்கவில்லை.

போன கிழமை அன்புவழிபுரத்திலிருந்து ஒரு பிள்ளை தாயோடு வந்தாள். கைபேசியில் ஒரு விளம்பரம், இன்று இரவு பன்னிரண்டு மணியோடு கட்டணக் கழிவு முடிகிறது என்று மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. என் முன்னாலேயே அந்த எண்ணை அழுத்தச் சொன்னேன்.

"பட்டத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும் அக்கா?" என்று அவள் கேட்டாள்.

"பதிவு முடிந்ததும் எல்லா விவரமும் அனுப்புவோம் தங்கச்சி" என்றது மறுமுனை.

பிள்ளை வைத்துவிட்டாள். தாய் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொண்டார். பன்னிரண்டு மணி தாண்டி மறுநாள் காலையில் அந்தப் பிள்ளைக்கு அழைப்பு வந்ததாம்: அவளுக்காக மட்டும் கழிவை ஒரு கிழமை நீட்டியிருக்கிறார்களாம்.