18க்கு 24 தார்ப்பாய்: புளி காயப்போட வாங்கினேன், எதிர்வீட்டுக்கு கூரையா போச்சு

கம்பெனி பேரும் கடை பேரும் போடல. குறையும் சொல்லப்போறேன், வீணா வம்பு எதுக்கு. கிருஷ்ணகிரி டவுன்ல மார்ச் மாசம் வாங்கினது, நீலக்கலர், 18 அடிக்கு 24 அடி, 200 ஜிஎஸ்எம்னு மேல ஸ்டிக்கர், பேரம் பேசி 1,750 ரூபா. நமக்கு காவேரிப்பட்டணம் பக்கம், வருஷா வருஷம் புளி தட்டி காயப்போடற வேல இருக்கு, பழைய பாய் வெயில்ல பொடிப்பொடியா உதிர ஆரம்பிச்சதால இத எடுத்தேன்.

வாங்கின அன்னிக்கே ஒரு சந்தேகம், கைல தூக்குனா லேசா இருந்துச்சு. ஜிஎஸ்எம்னா வேற ஒன்னும் இல்லீங்க, ஒரு சதுர மீட்டர் பாய் எத்தன கிராம் எடன்றது தான். 18க்கு 24னா 432 சதுர அடி, கிட்டத்தட்ட 40 சதுர மீட்டர், 200 ஜிஎஸ்எம்னா 8 கிலோ இருந்தாகணும். வீட்ல தான் புளி தராசு இருக்கே, தூக்கி வச்சேன், 6 கிலோ 500. கணக்குப்படி 160 தான் வருது. கடைக்கு போன் போட்டா "எல்லா கம்பெனிலயும் அப்படித்தான் சார் வரும்"ன்றாரு. சரி புளிக்கு தானேன்னு விட்டுட்டேன்.

அப்புறம் மே மாசம் நடுவுல ஒரு நாள் சாயங்காலம் நாலரை மணி இருக்கும், வடகிழக்கு பக்கம் மசமசன்னு கருத்துச்சு, முதல்ல புழுதி வந்துச்சு, அதுக்கு பின்னாடியே காத்து. நான் மோட்டார் ரூம்ல இருந்தேன், கதவ உள்ள இருந்து ரெண்டு கையால பிடிச்சிக்கிட்டு நின்னேன், கூடவே ஆலங்கட்டி வேற, சீட்டு மேல யாரோ ஜல்லி கொட்டுற மாதிரி சத்தம். கால் மணி நேரம் கூட இருக்காது. வெளிய வந்து பாத்தா தோப்புல பெங்களூரா காய் பூரா தரையில, ஜூன்ல மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்கு போக வேண்டிய காய், இன்னும் கொட்டையே முத்தல. என் வீட்ல நாலு ஓடு போச்சு, அவ்ளோ தான். எதிர்வீட்டு அக்காவுக்கு பதினாலு சிமெண்ட் ஷீட்டுல ஒம்போது போயிடுச்சு. அதுல ஒன்னு இருநூறு அடி தள்ளி எங்க மாமரத்துல செங்குத்தா சொருகிக்கிட்டு நின்னுச்சு, அது யார் மேலயாவது விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்பவும் நினைச்சா ஒரு மாதிரி இருக்கு.

தெருப்பசங்க எல்லாம் டொர்னாடோ டொர்னாடோன்னு ஸ்டேட்டஸ் போட்டுட்டானுங்க. அது இல்லப்பா. டொர்னாடோன்னா சுத்தி அடிக்கும், மரம் நாலா பக்கமும் தாறுமாறா விழும், எங்க ஊர்ல விழுந்த மரம் அத்தனையும் தென்மேற்கு பாத்து ஒரே வரிசைல படுத்திருந்துச்சு, இடிமேகத்துல இருந்து கீழ இறங்கி ஒரே பக்கமா பாயுற காத்து இது. அமெரிக்கால 2013 மே 20ம் தேதி மூர்ன்ற ஊர்ல அடிச்சதெல்லாம் மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல, 24 பேர் செத்தாங்க. அத வச்சு பாத்தா எங்களுது ஒன்னுமே இல்ல தான், ஆனா அத அந்த அக்காகிட்ட போய் சொல்ல முடியுமா. நனஞ்ச ராகி மூட்டய முற்றத்துல கொட்டி கையால பரப்பிக்கிட்டு இருந்தாங்க, அழல, யாரயும் பாக்கவும் இல்ல. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் அப்போ ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அப்ப கூட நாங்க டிவில பாத்து உச்சு கொட்டினதோட சரி. எதிர்வீடுன்னா அப்படி இருக்க முடியல.

புளிய அள்ளி ரூம்ல போட்டுட்டு பாய தூக்கிட்டு போனேன். "புளிக்கு வச்சிருந்ததாச்சே தம்பி, மறுபடி மழ வந்தா நனஞ்சிடுமே"ன்றாங்க. வீட்ட இழந்துட்டு நிக்கறவங்க என் புளிய பத்தி கவலப்படறாங்க. எனக்கு பதில் வரல, ஏணி கேட்டேன்.

சரி ரிவியூக்கு வரேன். பாய் அந்த வீட்டு மேல பதினொரு நாள் இருந்துச்சு, நடுவுல ரெண்டு மழ. தண்ணி ஒரு சொட்டு உள்ள வரல, அத ஒத்துக்கணும். ஆனா 18க்கு 24ன்றது ஓரம் மடிச்சு ஒட்டறதுக்கு முன்னாடி அளவு போல, டேப் வச்சா நீளத்துல முக்கால் அடி கம்மி, அந்த முக்கால் அடி பத்தாம அடுப்படி மூல திறந்தே கெடந்து சாக்கு போட்டு மூடினோம். மத்தியானம் உள்ள உக்கார முடியாது, இட்லி குண்டான் தான். ராத்திரி காத்து லேசா அடிச்சாலும் படபடன்னு சத்தம், அவங்க சின்ன பொண்ணு அதுக்கே திடுக்னு எழுந்து உக்காந்துக்கும்னு சொன்னாங்க, பாவம், பத்து வயசு.

ரெண்டாவது நாளே ஒரு மூலைல அலுமினிய வளையம் பிச்சிக்கிட்டு வந்துடுச்சு. படபடப்பு தான் வளையத்த அறுக்குது, மழ இல்ல. அதனால கயிற நேரா வளையத்துல கட்டாதீங்க, நடுவுல பழைய சைக்கிள் டியூப் ஒரு துண்டு போட்டு கட்டுங்க, காத்துக்கு இழுத்து கொடுக்கும். வளையம் போன எடத்துல உருண்ட கூழாங்கல்லு ஒன்ன உள்பக்கம் வச்சு பாய சுருட்டி அது கழுத்துல கயிறு போட்டுடுங்க, அறுகாது. மேல கல்லு மட்டும் தூக்கி வைக்காதீங்க. கூரைக்கு மேல வேகமா ஓடற காத்து ஷீட்ட மேல உறிஞ்சி தான் தூக்குது, கதவு வேற திறந்திருந்தா உள்ள இருந்தும் தள்ளும், அப்ப அந்த கல்லு உங்க தலைல தான் விழும். அக்கா வீட்ல ஷீட்டு போனதும் அப்படித்தான், பாதி கொக்கி போல்ட்டு துருப்புடிச்சு போயிருந்துச்சு, மீதி கல்ல நம்பி இருந்துச்சு. மணல் மூட்டைய ரெண்டு ரெண்டா கயித்துல கட்டி கூரைக்கு ரெண்டு பக்கமும் தொங்க விட்டோம், அது நின்னுச்சு.

பன்னண்டாவது நாள் அவங்களுக்கு புது தகரம் போட்டாச்சு, ஓசூர்ல வேல பாக்கற அவங்க வீட்டுக்காரர் அட்வான்ஸ் வாங்கிட்டு வந்து. பாய சோப்பு போட்டு கழுவி காயவச்சு மடிச்சு கொண்டாந்து கொடுத்தாங்க. பிரிச்சு பாக்கறேன், பிஞ்ச மூலைல பழைய ஜீன்ஸ் துணி நாலு மடிப்பு வச்சு, சாக்கு ஊசில நைலான் நூலு போட்டு நெருக்க தச்சிருக்காங்க, அந்த துணிலயே ஓட்ட போட்டு கயிறும் கோத்து வச்சிருந்தாங்க. மீதி மூணு மூலைல கம்பெனி வளையம் இப்பவே ஆடுது.

அஞ்சுக்கு மூணு ஸ்டார். தண்ணி தாங்குச்சு, அதுக்கு ரெண்டு. மூணாவது ஸ்டார் அந்த தச்ச மூலைக்கு, அது கம்பெனிக்கு சேராது. ஆடியில இன்னொன்னு எடுக்கணும், இந்த தடவ தராசும் டேப்பும் எடுத்துக்கிட்டு தான் கடைக்கு போறேன்.