மாத்திரை போடுவதா வேண்டாமா: சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு மனநல கிளினிக், நாலு ஸ்டார்

கிளினிக் பேரை எழுதவில்லை. ஏற்காட்டுக்கு டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவன் நான். என் வண்டியை அஸ்தம்பட்டியிலிருந்து அடிவாரம் வரை பாதிப் பேருக்குத் தெரியும். எந்த டாக்டரிடம் போகிறேன் என்பதும் தெரிய வேண்டாமே என்றுதான்.

முன்கதை: மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதில் ஒன்றில், வண்டியில் ஈரோட்டுக் குடும்பம் ஒன்று உட்கார்ந்திருக்க, நெஞ்சு அடைத்து, விரல் மரத்து, மூச்சு பாதியில் நின்றது. ஓரங்கட்டிவிட்டேன். ஹார்ட் அட்டாக் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். "கேஸ் ட்ரபிள்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் அது தூக்கத்திலும் வர ஆரம்பித்தது. ஒரு மெடிக்கல் ஷாப்பில் சீட்டே கேட்காமல் அல்பிரசோலம் என்கிற பதற்றத்துக்கான மாத்திரைப் பட்டை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். போட்டால் அரை மணி நேரத்தில் அடங்கும், கூடவே கண்ணும் சொருகும். மலையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு இது ஆகுமா?

அந்தப் பட்டையோடுதான் இந்த கிளினிக்குக்குப் போனேன். டாக்டரம்மா முதலில் அதை வாங்கிப் பார்த்தார். அது ஷெட்யூல் எச்1 மருந்தாம். சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது, சீட்டுக்கு விற்பதையும் 2014-லிருந்து கடையில் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றார். தினமும் போட்டால் உடம்பு பழகிக்கொள்ளும், பழகிய பிறகு திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டார். திட்டவில்லை.

முதல் சந்திப்பில் மருந்தே எழுதவில்லை. தூக்கம், குடி, குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை காபி என்று வரிசையாகக் கேள்விகள். காபித் தோட்டத்துக்கு நடுவே பிழைப்பு, பார்ட்டி இறங்குகிற இடத்திலெல்லாம் ஒரு டம்ளர். காபியைக் குறையுங்கள் என்றார், தைராய்டு டெஸ்ட்டுக்கு அனுப்பினார். தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு வருமாம். அது நார்மல் என்று தெரிந்த பிறகுதான் இது பேனிக் அட்டாக் என்று உறுதியாகச் சொன்னார். பூனை ஏறினாலே கத்துகிற கார் அலாரம் மாதிரி, ஆபத்து இல்லாதபோதும் உடம்பு அலறுகிறது. பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும் என்றார். எனக்குப் புரிகிற பாஷை.

நான் காசு கொடுத்ததற்கு உண்மையான மதிப்பு அடுத்து நடந்த பேச்சில்தான் இருந்தது. வழி இரண்டு: சிபிடி என்கிற பேச்சு சிகிச்சை, அல்லது எஸ்சிடலோபிராம் மாதிரி ஒரு மாத்திரை. இரண்டுக்கும் பலன் உண்டு, சேர்த்தும் செய்யலாம். "நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க, அவசரம் இல்ல" என்றார். மாத்திரையில் வரக்கூடியதை நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். முதல் ஓரிரு வாரம் படபடப்பு கூடலாம், குமட்டல் வரலாம். பலன் தெரிய சில வாரம் ஆகும். அல்பிரசோலம் போல அடிமையாக்காது, ஆனாலும் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றும், உடம்பில் ஷாக் அடிப்பது போலிருக்கும், அதனால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சரியான பிறகும் பல மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூடத் தொடர வேண்டியிருக்கும். தாம்பத்தியத்தில் தாமதம் வரலாம் என்பதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இதப் போட்டுட்டு ஹேர்பின் ஓட்டலாமா மேடம்?" என்றேன். "ஆரம்பத்துல மலை வேண்டாம். தூக்கம், தலைசுத்தல் இருக்கான்னு கீழயே பார்த்துட்டு ஏறுங்க. இல்ல, மே மாச சீசன் முடிஞ்சு ஆரம்பிக்கலாம்னாலும் சரி, அதுவரைக்கும் மூச்சுப் பயிற்சி பண்ணுங்க" என்றார். என் பிழைப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பேசிய முதல் டாக்டர் அவர்தான்.

அம்மாவுக்கு இஷ்டமே இல்லை. "கோட்டை மாரியம்மனுக்கு வேண்டியிருக்கேன், பைத்தியத்துக்குத் தர்ற மாத்திரை உனக்கு எதுக்குடா?" அடுத்த முறை அம்மாவையும் அழைத்துப் போனேன். "வேண்டுதலையும் விட வேண்டாம்மா, ரெண்டும் நடக்கட்டும்" என்று டாக்டரம்மா சொன்னதும் அம்மா அடங்கிவிட்டார்.

கோடை விழா முடிந்து ஜூனில் எஸ்சிடலோபிராமை 5 மில்லிகிராமில் ஆரம்பித்து, பிறகு 10. முதல் வாரம் மோசம்தான். வண்டியை மச்சானிடம் கொடுத்துவிட்டேன். டாக்டரம்மா முன்பே சொல்லி வைத்திருந்ததால் மாத்திரையைத் தூக்கி எறியவில்லை. இப்போது மலையேறுகிறேன். நெஞ்சு எப்போதாவது படபடக்கிறது, ஆனால் வண்டியை நிறுத்தும் அளவுக்கு இல்லை. தாம்பத்திய விஷயம் எனக்கும் கொஞ்சம் இருக்கிறது. சொன்னேன், டோஸைக் கூட்டாமல் 10-லேயே வைத்திருக்கிறார்.

குறைகளும் உண்டு. கவுன்சலர் சனி, ஞாயிறு மட்டும்தான் வருகிறார். டிரைவருக்குச் சம்பாத்தியமே அந்த இரண்டு நாளில்தான். சிபிடி எனக்கு அமையாமல் போனதற்கு இதுவே காரணம். ஹாலில் பேர் சொல்லிக் கத்திக் கூப்பிடுகிறார்கள், டோக்கன் நம்பர் போதாதா? இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மூச்சடைக்குதென்று வருகிறவனை மாடியேற வைப்பது என்ன யோசனையோ. கீழே இருக்கும் மெடிக்கலில் பிராண்டு மருந்துதான் கிடைக்கும். அதே மருந்து மக்கள் மருந்தகத்தில் விலை குறைவு. கேட்டால் டாக்டரம்மா ஜெனரிக் பேரிலேயே எழுதித் தருகிறார்.

போகிறவர்கள் பழைய ஈசிஜி, எக்கோ ரிப்போர்ட்டுகளையும், கடையில் வாங்கிப் போட்ட பட்டைகளையும் மறைக்காமல் கொண்டு போங்கள். மாலையில் கூட்டம் அதிகம், காலையில் போனால் நிதானமாகப் பேசுவார். ராத்திரியில் பயம் வந்தால் கூப்பிட 14416, அதாவது டெலி மானஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம் என்று ரிசப்ஷனில் ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஐந்தாவது ஸ்டார், கவுன்சலர் வாரநாளில் வர ஆரம்பித்ததும் போடுகிறேன்.