‘கோப்புகள்’ என்று அடித்தால் கோப்புகள் வராத லாஞ்சர்: இரண்டு ஆண்டுகளுக்கு மேலான அனுபவம்

சென்ற வாரம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: “உங்க வீட்டுல இன்னும் லினக்ஸ்தான் ஓடுதா? எங்க அப்பாவுக்கும் அதையே போட்டுடலாமா?” லினக்ஸ் என்பது விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம். அவருடைய தந்தையின் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. போடலாம் அல்லது வேண்டாம் என்று ஒரே சொல்லில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கணினி 2016-இல் சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகங்களாக வாங்கிச் சேர்த்தது. ஆறாம் தலைமுறை ஐ3 செயலி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் போன மின்சாரம் திரும்பி வந்தது, ஆனால் பழைய ஹார்டு டிஸ்க் எழுந்திருக்கவில்லை. மறுபடி ரிச்சி தெருவுக்குப் போய் ஓர் எஸ்எஸ்டி வாங்கி, அதில் லினக்ஸை நிறுவினேன். இடைமுகம் முழுவதையும் தமிழில் வைத்தேன். காரணம், அந்தக் கணினியை நாள்தோறும் பயன்படுத்துபவர் என் அம்மா. எந்த லினக்ஸ் வகை, எந்த மேசைச் சூழல் என்று நான் பெயர் குறிப்பிடப் போவதில்லை. சம்பளமில்லாமல் உழைப்பவர்கள் ஆக்கித் தந்த பொருள் அது. என் கோபம் அவர்கள் பெயர் மேல் போய் ஒட்டுவதை நான் விரும்பவில்லை.

வேகம், நிலைத்தன்மை ஆகியவற்றில் குறை சொல்ல எதுவும் இல்லை. பத்து வயதாகும் கணினி முப்பது நொடிக்குள் தயாராகிவிடுகிறது. பிரிண்டர் முதல் நாளே வேலை செய்தது. நான் பேச வந்தது லாஞ்சரைப் பற்றி மட்டுமே. விண்டோஸ் விசையை அழுத்தினால் ஒரு பெட்டி வரும், அதில் பெயரை அடித்தால் செயலி வரும். அந்தச் சிறிய பெட்டிதான் இந்த இரண்டு ஆண்டுகளில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியையும் மிகுந்த எரிச்சலையும் கொடுத்திருக்கிறது.

மகிழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் மெனுவில் தோன்றும் ஒவ்வொரு செயலிக்கும் ‘டெஸ்க்டாப்’ என்ற பின்னொட்டுடன் ஒரு சிறிய உரைக்கோப்பு உண்டு. பெயர், படம், இயக்க வேண்டிய கட்டளை, தேடலுக்கான குறிச்சொற்கள் எல்லாம் அதில் தனித்தனி வரியாக இருக்கும். பெயர் வரிக்கும் குறிச்சொல் வரிக்கும் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் தமிழின் மொழிக் குறியீட்டைப் போட்டால், தமிழ் இடைமுகத்தில் அந்த வரி எடுத்துக்கொள்ளப்படும். அந்தக் கோப்பை நம் சொந்தக் கோப்புறையில் படியெடுத்து வைத்து, நமக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். அப்படித்தான் லிப்ரேஆபீஸ் ரைட்டருக்குக் ‘கடிதம்’, ‘விண்ணப்பம்’ என்ற குறிச்சொற்களைச் சேர்த்தேன். அம்மாவுக்கு அந்தச் செயலியின் பெயர் இன்றுவரை தெரியாது; தெரியவேண்டிய அவசியமும் வந்ததில்லை. ‘விண்ணப்பம்’ என்று அடிக்கிறார், வெள்ளைத்தாள் திறக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டும் மின்கட்டணத்துக்கும் ஒரு கோப்பு எழுதினேன். ‘மின்கட்டணம்’ என்று அடித்தால் பணம் செலுத்தும் பக்கம் நேரே உலாவியில் திறக்கும். ஆறு வரிதான். செயலியின் பெயரைத் தேடாமல் செய்யவேண்டிய காரியத்தின் பெயரை அடிக்கிறோம், அதுவும் நம் மொழியில் அடிக்கிறோம். ஒரு கணினி ஒரு வீட்டுக்கு இவ்வளவு பழகிக்கொடுத்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இனிக் குறைக்கு வருகிறேன். நிறுவிய சில நாள்களிலேயே அம்மா என்னை அழைத்தார். “ஏன்டா, கோப்புகள்னு சரியாத்தானே அடிச்சிருக்கேன்? எதுவும் இல்லைங்குதே” என்றார். திரையைப் பார்த்தேன். ‘கோப்புகள்’ என்று ஒரு பிழையும் இல்லாமல் அடித்திருந்தார். கீழே, பொருத்தமானது எதுவும் இல்லை என்ற செய்தி. பெட்டியை மூடிவிட்டு மெனுவைத் திறந்தால், அதே ஐந்து எழுத்தில் ‘கோப்புகள்’ என்ற பெயருடன் மஞ்சள் உறை போன்ற படம் கண்ணெதிரே இருக்கிறது. நான் என் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறி அடித்தேன், உடனே வந்தது. அம்மா மறுபடி அடித்தார், வரவில்லை.

அம்மா ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். ‘யளனகப’ என்று தொடங்கும் பயிற்சி வரிசையை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். அவர் அடித்த தாளில் அதிகாரிகள் திருத்தம் போட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அப்படிப்பட்டவர் திரையின் முன்னால் உட்கார்ந்து தன் விரல்களைச் சந்தேகப்பட்டார். அந்தக் காட்சியை நான் மறக்கவில்லை. இந்தக் குறையை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

காரணத்தைக் கண்டுபிடிக்கப் பல மாலைகள் ஆயின. லாஞ்சரின் தற்காலிகச் சேமிப்பை அழித்தேன். தமிழ் மொழித் தொகுப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். எழுத்துருவை மாற்றினேன், புதிய பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கிப் பார்த்தேன். எதிலும் பயனில்லை. பின்னர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு விசையாக அடிக்கச் சொன்னேன். அவர் விசைப்பலகை தட்டச்சு இயந்திரத்தின் முறையைப் பின்பற்றுவது. முதலில் இரட்டைக் கொம்பு, அடுத்து ககரம், கடைசியில் கால். கொம்பும் ககரமும் சேர்ந்து ‘கே’ ஆனதும் பட்டியலில் ‘கேமரா’ வந்து நின்றது. காலை அடித்த கணத்தில் பட்டியல் காலியானது. ‘கணிப்பான்’ வருகிறது, ‘அமைப்புகள்’ வருகிறது, ‘தொடர்புகள்’ வருவதில்லை. ஒகர ஓகாரம் வருகிற இடத்தில் மட்டுமே தேடல் தோற்கிறது என்பது அப்போதுதான் பிடிபட்டது.

இரண்டு வடிவங்களையும் தனித்தனிக் கோப்பில் சேமித்து, எத்தனை பைட் என்று எண்ணச் சொன்னேன். நான் அடித்த ‘கோப்புகள்’ 27 பைட். அம்மா அடித்த ‘கோப்புகள்’ 30 பைட். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரமான யூனிகோடில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட் எடுத்துக்கொள்ளும். ஆக, அம்மாவின் சொல்லில் ஒரு குறியீடு கூடுதலாக இருக்கிறது. ஓகாரக் குறிக்கு யூனிகோடு 3019 என்று ஒரே எண்ணைக் கொடுத்திருக்கிறது. அதையே 3015 என்ற இரட்டைக் கொம்பையும் 3006 என்ற காலையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் இம்மியும் வேறுபடாது. ஒகரத்துக்கும் இதே கதைதான்; ஔகாரத்தில் கொம்பின் பின்னால் சிறகுக் குறிக்குப் பதிலாக ளகரத்தையே அடித்துவிடும் பழக்கமும் சேர்ந்து குழப்பம் இன்னும் பெருகும். பதினெட்டு மெய்யோடும் இந்த மூன்று உயிர்கள் சேர்ந்தால் 54 எழுத்துகள். உயிர்மெய் 216-இல் நான்கில் ஒரு பங்கு. அந்தப் பங்கு முழுவதும் இரண்டு விதமாகச் சேமிக்கப்படக்கூடியது என்பதைத் தமிழில் இத்தனை ஆண்டுகள் தட்டச்சு செய்தும் நான் அறியாமல் இருந்தேன்.

நியாயமாகப் பார்த்தால் குற்றத்தில் பாதி நான் நிறுவிய பழைய விசைப்பலகை அட்டவணையுடையது. சேமிக்கும்போது கொம்பை ககரத்தின் பின்னால் நகர்த்தத் தெரிந்த அதற்குக் காலோடு சேர்த்து ஒன்றாக்கத் தெரியவில்லை. ஆனால் மீதிப் பாதிக் குற்றத்திலிருந்து லாஞ்சரை விடுவிக்க எனக்கு மனமில்லை. இந்த இரு வடிவங்களும் ஒன்றே என்று யூனிகோடு தரமே வரையறுத்திருக்கிறது. எந்த வடிவத்தில் வந்தாலும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் இயல்பாக்க முறையையும் அதுவே தந்திருக்கிறது. பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், கியூடி என்று எதில் நிரல் எழுதினாலும் அதற்கான செயற்கூறு ஆயத்தமாக இருக்கிறது. ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு வரி சேர்த்தால் போதும். இதே லாஞ்சர் பிரெஞ்சுப் பெயர்களின் மேற்குறிகளை அடிக்காமல் விட்டாலும் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. அந்தக் கரிசனம் தமிழின் கொம்புக்கும் காலுக்கும் கிடைக்கவில்லை. இந்த வழுவை, அதாவது மென்பொருள் பிழையை, லாஞ்சரை உருவாக்குபவர்களுக்குப் பைட் கணக்கோடு எழுதி அனுப்பினேன். ஒருவர் பொறுமையாகச் சோதித்து, வழு உண்மைதான் என்று உறுதியும் செய்தார். அதன்பின் இரண்டு பெரிய பதிப்புகள் வந்துவிட்டன. வழு அப்படியே இருக்கிறது.

ஆகவே நானே சரிசெய்தேன். முதலில் குறிச்சொல் வரியில் பிரிந்த வடிவத்தையும் ஒட்டிக் கொடுத்தேன். ‘கோப்புகள்’ இரண்டு முறை எழுதப்பட்ட அந்த வரியைப் பார்ப்பவர்களுக்கு அச்சுப்பிழை போலத் தோன்றும். பிறகு விசைப்பலகை அட்டவணையையே திருத்தினேன். தமிழ் உள்ளீட்டுக்கு எம்17என் என்ற மென்பொருளைப் பயன்படுத்துவதால் அட்டவணை வெறும் உரைக்கோப்பு. கொம்புக்குப் பின் கால் வந்தால் இரண்டையும் நீக்கி ஒற்றைக் குறியீட்டை வைக்கும்படி விதிகளைச் சேர்த்தேன். அன்றோடு புதிதாக அடிக்கும் சொற்கள் சரியாயின.

பழையவை சரியாகவில்லை. அம்மா அதுவரை சேமித்த கோப்புகளின் பெயர்களிலும் பிரிந்த வடிவமே இருந்தது. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமை பெயரைப் பைட்டுகளாக மட்டுமே பார்க்கும். அதனால் ஒரு நாள் ஒரே கோப்புறையில் ‘போரூர் வாடகை’ என்ற பெயரில் இரண்டு கோப்புகள் அருகருகே இருப்பதைக் கண்டேன். ஒன்றில் மார்ச் வரைக்கும் கணக்கு, மற்றதில் ஏப்ரலிலிருந்து. விசைப்பலகையை நான் திருத்திய பிறகு, பழைய கோப்பைத் தேடிக் கிடைக்காமல் அம்மா புதிதாக ஒன்றைத் தொடங்கியிருக்கிறார். கான்வ்எம்வி என்ற சிறு கருவி கோப்புப் பெயர்களை மொத்தமாக ஒரே வடிவத்துக்கு மாற்றித்தரும். உறுதிசெய்து கட்டளை கொடுக்கும்வரை அது எதையும் மாற்றாமல், என்ன மாற்றப்போகிறது என்று மட்டும் காட்டும். இந்தச் சிக்கல் உள்ளவர்கள் அந்தப் பட்டியலை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். என் வீட்டைப் போல் இரட்டைக் கோப்புகள் இருந்தால் முதலில் கையால் பெயர் மாற்றிவிடுங்கள்.

தமிழ் விசைப்பலகை இயங்கும்போது ஆங்கிலப் பெயரை அடித்தால் பொருளில்லாத எழுத்துகள் வருவது எல்லாருக்கும் தெரிந்த தொல்லை, அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் மூன்று வாரங்களுக்கு முன்னால் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. பதிப்பு உயர்த்தியபோது படம் பார்க்கும் செயலிக்குப் பதில் வேறொன்று வந்துவிட்டது. நான் சொந்தக் கோப்புறையில் வைத்திருந்த படியோ பழைய செயலியின் கட்டளையையே பிடித்துக்கொண்டிருந்தது. புதிய செயலிக்குக் குறிச்சொல் இல்லை. குறிச்சொல் உள்ள பழையதற்குச் செயலியே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஊரிலிருந்து வந்திருந்த அத்தைக்குப் பேரனின் படங்களைக் காட்ட அம்மா ‘ஃபோட்டோ’ என்று அடிக்க, படக்குறி சிறிது நேரம் சுழன்று மறைந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் வீட்டில் இல்லை. “பரவாயில்ல, அப்புறம் பாத்துக்கலாம்” என்று அத்தை கிளம்பிவிட்டார். கட்டளை இல்லாத செயலியை மெனுவில் காட்டாமல் மறைப்பதற்கென்றே அந்த உரைக்கோப்பில் ஒரு வரி எழுத இடமுண்டு. நான் படியெடுத்த கோப்பில் அந்த வரி இல்லை, சேர்க்க எனக்கும் தோன்றவில்லை. இப்போது எல்லாப் படிகளிலும் சேர்த்துவிட்டேன். பதிப்பு உயர்த்திய ஒவ்வொரு முறையும் சொந்தக் கோப்புறையை ஒருமுறை பார்த்துவிடுவது என்றும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு புதிய கணினி வாங்கிவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். “அதுல மின்கட்டணம்னு அடிச்சா வருமா?” என்றுதான் முதலில் கேட்டார். அப்படியே வராது என்றேன். “அப்ப இதுவே இருக்கட்டும்” என்றார்.

ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்றே சொன்னேன். அவருடைய தந்தை இருப்பது தென்காசியில், நண்பர் இருப்பது சென்னையில். ஒரு மனிதர் சரியாக எழுதியதைத் தவறு என்று சொல்லும் பெட்டியின் முன்னால் அவரைத் தனியாக உட்காரவைக்க எனக்குச் சம்மதமில்லை. தொலைபேசியில் 27 பைட், 30 பைட் என்று யாருக்கும் விளக்கவும் முடியாது. லாஞ்சரில் அந்த ஒரு வரி சேரும்வரை ஐந்துக்கு இரண்டுக்கு மேல் மதிப்பெண் கொடுக்க எனக்குக் கை வராது. அப்பா எந்த முறையில் தட்டச்சு செய்வார் என்று கடைசியாகக் கேட்டேன். பழைய தட்டச்சு முறைதான், தமிழ்த் தட்டச்சில் ஹையர் தேர்வு முடித்தவர் என்றார் நண்பர். அப்படியானால் நிச்சயமாக வேண்டாம் என்றேன். திருத்திய விசைப்பலகை அட்டவணையை மட்டும் அன்றிரவே அவருக்கு அனுப்பிவைத்தேன்.