பழைய ஃப்ளாட்டில் மாடுலர் கிச்சன்: ‘உடைச்ச பிறகுதான் தெரியும்’ என்பவர்களிடம் ஜாக்கிரதை

முப்பது, முப்பத்தைந்து வருடப் பழைய ஃப்ளாட்டில் சமையலறையை மாடுலராக, அதாவது ஃபேக்டரியில் செய்த பெட்டிகளைக் கொண்டுவந்து பொருத்திப் புதுப்பிக்க நினைக்கிறவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். மேற்கு மாம்பலத்தில் என் அம்மாவின் வீட்டில் நடந்தது இது. கம்பெனியின் பெயரை எழுதவில்லை. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் இருக்காது. இதே கதையை வேறு வேறு கம்பெனிப் பெயர்களோடு என்னிடம் சொன்னவர்கள் நிறைய.

கட்டடம் எண்பதுகளின் கடைசியில் கட்டியது. மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. தூண்கள் இல்லை, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்தான் மொத்த பாரத்தையும் தாங்குகிறது. சமையலறையில் கடப்பா கல் மேடை, சுவரிலேயே பதித்த கடப்பா கல் தட்டுகள், மொசைக் தரை, மேலே பரண். அம்மாவுக்கு முட்டி வலி. குனிந்து கீழ்த்தட்டிலிருந்து குக்கரை எடுக்க முடியவில்லை. இழுத்தால் வருகிற டிராயர் வேண்டும், சிங்க் ஜன்னல் பக்கம் வந்தால் வெளிச்சமாக இருக்கும். அவ்வளவுதான் கேட்டது.

ஷோரூமில் டிசைனர் தம்பி லேப்டாப்பில் 3டி படம் காட்டினார். படத்தில் சமையலறை நிஜத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக, மேடையில் ஒரு பூச்சாடியோடு இருந்தது. கொட்டேஷன் ரூ. 3,45,000. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘சிவில், பிளம்பிங், எலக்ட்ரிகல் வேலைகள் தளத்தின் நிலையைப் பொறுத்துத் தனியாகக் கணக்கிடப்படும்.’ அந்த வரியைக் காட்டியே கேட்டேன், “இது பழைய கட்டடம், பைப்பும் வயரிங்கும் அந்தக் காலத்தது. இதற்கு எவ்வளவு ஆகும்?” என்று. “அது எல்லா கொட்டேஷன்லயும் இருக்கிற லைன்தான் மேடம். உங்க கிச்சனுக்குப் பத்து பதினைஞ்சாயிரத்துக்கு மேல போகாது” என்றார். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன், அனுப்பினார். இந்தச் செலவு விஷயத்தில் இன்று என் கையில் இருக்கிற உருப்படியான ஆதாரம் அந்த ஒரு மெசேஜ்தான்.

அளவெடுக்க வந்தவர் லேசர் மீட்டரைச் சுவரில் வைத்து நீளம், அகலம், உயரம் எழுதிக்கொண்டார். சிங்க்குக்குக் கீழே குனிந்து பார்க்கவில்லை. குழாயைத் திறக்கவில்லை. சுவிட்ச் போர்டைக் கழற்றவில்லை.

அப்புறம் ஆட்கள் வந்து மேடையை உடைத்தார்கள். சுவரில் பதித்த கடப்பா கல்லை உருவும்போது அதோடு அரைச் செங்கல்லும் பூச்சும் சேர்ந்து வந்தது. ஒரு நாளில் சமையலறை காலி. அம்மா ஹாலில் இண்டக்‌ஷன் அடுப்பை ஸ்டூலில் வைத்து ரசம் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தபோதுதான் சைட் சூப்பர்வைசர் இரண்டாவது எஸ்டிமேட்டை நீட்டினார்.

உடைத்தது, ரப்பீஸை மாடியிலிருந்து இறக்கி அப்புறப்படுத்துவது 28,000. சுவர் பூச்சும் டைல்ஸும் 46,000. பழைய ஜிஐ இரும்புப் பைப்பை எடுத்துவிட்டு சிபிவிசி பிளாஸ்டிக் பைப் போட, சிங்க்கை நகர்த்த 31,000. வயரிங் 38,000. கிரானைட் 42,000, 3டி படத்தில் கிரானைட் இருந்தது, கொட்டேஷனில் இல்லையாம். இதுவே 1,85,000. போதாததற்கு முதல் கொட்டேஷனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 62,100. மொத்தம் 5,92,100. இரண்டாவது எஸ்டிமேட்டுக்குப் பில் கேட்டால் அதற்கும் ஜிஎஸ்டி சேருமாம். பில் இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்தால் ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்’ என்றார். அந்த அட்ஜஸ்ட்மென்ட்டுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவே ஒத்துக்கொள்ளாதீர்கள். பில் இல்லாத வேலைக்கு வாரண்டி கேட்பதும் கஷ்டம், வழக்குப் போடுவதும் கஷ்டம்.

பத்து பதினைந்து என்றது என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு அவர் சொன்னது: “பழைய வீடு மேடம். உடைச்ச பிறகுதான் தெரியும்.”

இந்த வாக்கியத்தைத்தான் எல்லோரும் குறித்துக்கொள்ள வேண்டும். பாதிக்கு மேல் அது பொய். பிறகு எங்கள் தெருவில் வேலை பார்க்கும் ஒரு வயதான பிளம்பரை அழைத்துக் கேட்டேன். உடைக்காமலேயே எவ்வளவு தெரியும் என்று அவர் எதிர் ஃப்ளாட்டில் காட்டினார். அதுவும் இதே அமைப்பு, அங்கே இன்னும் எதையும் தொடவில்லை. காலையில் முதல் ஆளாகக் குழாயைத் திறந்தால் கொஞ்ச நேரம் பழுப்புத் தண்ணீர் வருகிறதா? உள்ளே ஜிஐ பைப் துருப்பிடித்திருக்கிறது, மாற்றித்தான் ஆக வேண்டும். ஒரு சுவிட்ச் போர்டின் மூடியைக் கழற்றினால் வயர் அலுமினியமா தாமிரமா, எர்த் வயர் இருக்கிறதா என்பது கண்ணுக்கு நேரே தெரியும். சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் பூச்சு விட்டுப்போன இடத்தில் சத்தம் மாறும். சிங்க்குக்குக் கீழே சுவர் ஓதம் அடித்து உப்புப் பூத்திருந்தால் ஏதோ ஒரு குழாய் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். கீழ்வீட்டுக்காரர்களிடம் கேட்டு அவர்கள் சமையலறைக் கூரையைப் பார்த்துவிட்டால் மீதிக் கதையும் தெரிந்துவிடும். இதற்கெல்லாம் ஒரு ஸ்க்ரூடிரைவரும் அரை மணி நேரமும் போதும்.

அளவெடுக்க வருகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தால் எழுத வேண்டும், எழுதினால் கொட்டேஷன் ஐந்து லட்சத்தைத் தாண்டும், நாம் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுவோம். மேடையை உடைத்த பிறகு நம்மால் எங்கே போக முடியும்?

பட்ஜெட் போடுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒரு கணக்கு சொல்கிறேன். பழைய வீடு என்றால் பெட்டிக்கும் கதவுக்கும் சொல்கிற விலையை மொத்தச் செலவில் பாதியோ, கொஞ்சம் கூடவோ என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குழாய், மின்சாரம், இடிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே போயிற்று. இவை எதுவும் 3டி படத்தில் வராத சமாச்சாரம். வயரிங்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். மைக்ரோவேவ், டிஷ்வாஷர் போன்றவற்றுக்குப் பதினாறு ஆம்ப் பாயிண்ட் தனித்தனியாக, தாமிர வயர் குறைந்தது 2.5 சதுர மி.மீ., முடிந்தால் 4, மின் இணைப்புகள் பிரியும் டிபி பெட்டியில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி. மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் கதவின் மினுமினுப்பில் பிடியுங்கள்.

விலையை ரன்னிங் அடிக்கு (நீளத்தை மட்டும் அளப்பது) சொல்கிறார்களா, சதுர அடிக்குச் சொல்கிறார்களா என்பதையும் பாருங்கள். ஒருவர் பரணையும் சேர்த்துச் சொல்வார், இன்னொருவர் கீழ்ப்பெட்டி மட்டும் சொல்வார். இரண்டையும் பக்கத்தில் வைத்து எது மலிவு என்று யாராலும் சொல்ல முடியாது. டிராயர் சேனல், கீல், கூடை எல்லாம் எந்த பிராண்ட், எத்தனை என்று எண்ணிக்கையோடு எழுதி வாங்குங்கள்.

இனி பலகை விஷயம். கொட்டேஷனில் ‘ஐ.எஸ். 710 பிளைவுட்’ என்று இருந்தது. 710 என்பது மரைன் பிளைவுட்டுக்கான தரம், தண்ணீரைத் தாங்கும். 303 என்பது சாதாரண உபயோகத்துக்கானது. அதில் எம்ஆர் (ஈரப்பதத்தை மட்டும் ஓரளவு தாங்குவது), பிடபிள்யூஆர் (கொதிநீரையும் தாங்குவது) என்று வகைகள் உண்டு. எம்ஆர் ரகத்தைச் சிங்க் பக்கம் கொண்டுவரவே கூடாது. எங்களுக்கு வந்த பெட்டிகள் ஃபேக்டரியிலிருந்து நான்கு பக்கமும் மைக்கா ஒட்டி, ஓரமெல்லாம் எட்ஜ் பேண்ட் அடித்து வந்தன. உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க வழியில்லை. சிங்க் பெட்டியின் பின்பலகையில் குழாய்க்காக ஓட்டை போட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. துளையின் விளிம்பில் பிளைவுட் என்றால் அடுக்கடுக்காகத் தெரிய வேண்டும். இங்கே நகத்தால் சுரண்டினால் ரவை மாதிரி உதிர்ந்தது. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு. சந்தேகப்பட்டு ஒரு கதவின் கீலைக் கழற்றினேன். கீல் உட்காருகிற 35 மி.மீ. குழிக்குள்ளும் அதே மரத்தூள்தான்.

சூப்பர்வைசரிடம் காட்டினேன். “பின்பலகை மட்டும் அப்படித்தான் மேடம், பாடி எல்லாம் பிளைதான்” என்றார். கீல் குழியைக் காட்டியதும் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

நீங்கள் செய்ய வேண்டியது: அறுப்பதற்கு முன் முழுப் பலகையைப் பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பலகையில் ஐஎஸ்ஐ முத்திரையும் அதோடு சி.எம்./எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் போட்டால் உரிமம் யாருக்கு, எதற்கு, இன்னும் செல்லுமா என்று தெரிந்துவிடும். ஃபேக்டரி தூரம் என்று சொன்னால் வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

அடுத்தது சிங்க் விஷயம். பழைய இடத்திலிருந்து எதிர்ச் சுவருக்கு நகர்த்த வேண்டுமென்றால் கழிவுக் குழாய்க்கு வாட்டம் (சரிவு) வேண்டும். பத்தடிக்கு மூன்று அங்குலமாவது இறங்க வேண்டும் என்பது பிளம்பர் சொன்ன கணக்கு. தரைக்கு மேலே குழாய் போனால் பெட்டியின் கால் உயரத்துக்குள் அது அடங்க வேண்டும். இவர்கள் படத்தில் சிங்க்கை இழுத்து ஜன்னலுக்குக் கீழே வைத்துவிட்டார்கள், வாட்டத்தை யாரும் கணக்குப் போடவில்லை. குழாய் கிட்டத்தட்ட மட்டமாக ஓடியது. இடிக்கும்போது பழைய கழிவுக் குழாயின் வாய்க்குள் சல்லி விழுந்து அடைத்திருந்ததையும் யாரும் எடுக்கவில்லை. தண்ணீர் தேங்கி, இணைப்பில் கசிந்து, மொசைக் தரைக்கு அடியில் இறங்கிவிட்டது.

கீழ்வீட்டு மாமி ஒரு காலை மேலே வந்து, “அம்மா இருக்காளா? எங்காத்து சாமி அலமாரி மேல சொட்டறதுடி” என்றார். மாமி அம்மாவோடு முப்பது வருடப் பழக்கம், அதனால் சத்தம் போடவில்லை. அவர் வீட்டுக் கூரையைப் பூசி வெள்ளையடித்துக் கொடுத்தது எங்கள் செலவு. கம்பெனிக்குப் போன் செய்தால் ‘டிக்கெட் ரைஸ் பண்ணியிருக்கோம் மேடம்’ என்ற பதில்தான். பத்து வருட வாரண்டி அட்டையைப் பிரித்துப் பார்த்தால், தண்ணீரால் வரும் சேதத்துக்கு வாரண்டி இல்லை என்று இருக்கிறது. சமையலறைப் பெட்டிக்குத் தண்ணீரைத் தவிர வேறு எதனால் சேதம் வரும் என்று அதை எழுதினவர்தான் சொல்ல வேண்டும்.

இதோடு ஓபன் கிச்சன் ஆசையும் காட்டினார்கள். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிட்டால் அட்டகாசமாக இருக்குமாம். நல்லவேளையாக அசோசியேஷன் செகரட்டரி பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். “ஒன்பதிஞ்ச் சுவர்ல கை வெச்சா மேல இருக்கிற ரெண்டு வீடும் கீழ வரும், எந்த இன்ஜினியர் கையெழுத்துப் போட்டான்னு கேளு” என்றார். யாரும் போட்டிருக்கவில்லை. பாரம் தாங்கும் சுவரில் குழாய்க்காகக் குறுக்குவாட்டில் நீளமாகக் காடி (பள்ளம்) எடுப்பதையும் அவர் விடவில்லை. செங்குத்தாக மட்டும் எடுக்கச் சொன்னார். எந்த வேலைக்கும் முன்னால் அசோசியேஷனிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தொல்லை மாதிரி இருக்கும், ஆனால் அங்கே கட்டடத்தைத் தெரிந்த ஒருவர் இருப்பார்.

எல்லாவற்றையும்விட எங்கள் கையைக் கட்டிப்போட்டது பணம் கொடுத்த வரிசை. புக்கிங்குக்குப் பத்து சதவீதம், தயாரிப்பு தொடங்க ஐம்பது, சரக்கு லாரியில் ஏறுவதற்கு முன் முப்பத்தைந்து. பெட்டி வீட்டுக்குள் நுழைகிறபோது அவர்களிடம் 95 சதவீதம் போய்விட்டது. மீதி ஐந்துக்காக யார் திரும்பி வருவார்கள்? இந்த வரிசையை மாற்ற மாட்டோம் என்றுதான் முதலில் சொல்வார்கள். மாற்ற வைக்க முடியும்: என் அண்ணி அண்ணா நகரில் வேறு ஒருவரிடம் செய்தபோது, சரக்கு வந்து பலகையைச் சரிபார்த்த பிறகு முப்பது, தண்ணீர் விட்டுக் கசிவு பார்த்த பிறகு பதினைந்து என்று எழுதி வாங்கினார். அந்தப் பதினைந்து கையில் இருந்ததால் ஒரு டிராயர் உரசுகிறது என்றாலும் மறுநாள் ஆள் வந்தார்.

இன்னொன்று, முழு மாடுலர் எல்லா வீட்டுக்கும் தேவையே இல்லை. பழைய சுவர்கள் நேராக இருக்காது, மூலை சதுரமாக இருக்காது, ஃபேக்டரிப் பெட்டி நேராக வரும்; இடைவெளியைப் பலகைப் பட்டி வைத்து மூடுவார்கள், கரப்பான்பூச்சி அங்கேதான் குடியேறும். மேடை திடமாக இருந்தால் அதை உடைக்காமல், ஆசாரியை வைத்து இருக்கிற அளவுக்கே டிராயரும் கதவும் செய்துகொள்ளலாம். அம்மாவின் தேவைக்கு அதுவே தாராளம் என்று அந்த பிளம்பர் சொன்னார். கேட்க எரிச்சலாக இருந்தது, ஆனால் உண்மை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். சில கம்பெனிகள் அதற்கே இறங்கி வரும். எங்களுடையது வரவில்லை. அடுத்து வக்கீல் நோட்டீஸ், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை, ஐந்துக்கு மேல் பத்து வரை 200 ரூபாய்தான். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொட்டேஷன், பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் மெசேஜ், துளையின் போட்டோ, கீழ்வீட்டுக் கூரையின் போட்டோ எல்லாவற்றையும் தேதியோடு வைத்திருங்கள். கழற்றிய பலகையில் ஒரு துண்டையும் எடுத்து வையுங்கள், ரப்பீஸோடு போய்விடப் போகிறது.

கசிவைச் சரிசெய்ய சிங்க்கைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனோம். ஊறிப்போன சிங்க் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, ஆசாரியை வைத்து 710 பிளைவுட்டில் புதிதாகச் செய்ததற்கு ரூ. 14,500 ஆனது. பில் வாங்கி வழக்குக் கோப்பில் சேர்த்திருக்கிறேன்.