பழைய செங்கல் சுவரில் கைப்பிடிக் கம்பி: ஆங்கர் போல்ட்டா, கெமிக்கல் ஆங்கரா?

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஓட்டு வீட்டில், கூடத்திலிருந்து கொல்லைப்புறம் இறங்கும் படிகளின் ஓரமாக அம்மாவுக்கு ஒரு கைப்பிடிக் கம்பி வைக்க வேண்டியிருந்தது. கம்பியின் மேல்பாதி செங்கல் சுவரிலும் கீழ்பாதி தாழ்வாரத்துத் தேக்குத் தூண்களிலும் நிற்க வேண்டும். சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டது; செங்கற்கள் இக்காலத்துச் செங்கலைவிட மெல்லியவை, நகத்தால் கீறினால் பொடி உதிரும் அளவுக்கு மென்மையானவை. எதைக் கொண்டு பிடிமானம் கொடுப்பது என்ற கேள்விக்கு ஹார்டுவேர் கடையில் மூன்று விடைகள் கிடைத்தன: நைலான் பிளக்கும் நீள ஸ்க்ரூவும், விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட், பசையில் ஒட்டிப் பிடிக்கும் கெமிக்கல் ஆங்கர். நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். இதே போன்ற சுவர் உள்ளவர்கள் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

கைப்பிடிக் கம்பியின் மீது வரும் விசை, அலமாரிக்கு வரும் விசையைப் போன்றதன்று. கம்பி சுவரிலிருந்து 8 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. அதைத் தாங்கும் தகட்டிலுள்ள மேல்பக்கப் போல்ட், தகட்டின் கீழ் விளிம்பிலிருந்து 6 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் கால் தடுமாறித் தம் முழு எடையையும் அந்த இடத்தில் கொடுத்தால், நெம்புகோல் கணக்கின்படி மேல் போல்ட்டைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்கும் விசை 60 × 8 ÷ 6, அதாவது 80 கிலோ. தடுமாற்றம் ஒரு திடீர் இழுப்பு என்பதால் உண்மையில் வரும் விசை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே, கீழ்நோக்கிய எடையை எது தாங்கும் என்பதைக் காட்டிலும், வெளிநோக்கிய இழுப்புக்கு எது அசையாமல் நிற்கும் என்பதையே பார்க்க வேண்டியிருந்தது.

நைலான் பிளக்கை விரைவாகக் கடந்துவிடலாம். ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் 1958-இல் உருவாக்கிய இந்தச் சிறு பொருளின் பெயராகவே இன்று பல கடைகளில் ‘ஃபிஷர்’ என்ற சொல் வழங்குகிறது. சிமென்ட் சாந்தில் கட்டிய நல்ல செங்கல் சுவரில், 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள நீளப் பிளக்கும் அதற்குரிய 7 மில்லிமீட்டர் ஸ்க்ரூவும் அலமாரிக்கும் கெய்சருக்கும் நன்றாகவே போதும். கழற்றி மாட்டுவதும் எளிது. எங்கள் சுவரில் துளையே வட்டமாக அமையவில்லை. ஓரம் உதிர்ந்து அகன்ற துளையில் பிளக் பெயரளவுக்குத்தான் நின்றது.

எனவே முதலில் நான் நம்பியது ஆங்கர் போல்ட்டைத்தான். அதன் நட்டை முறுக்கும்போது போல்ட்டின் கூம்பு முனை உறைக்குள் ஏறுகிறது. உறை விரிந்து துளையின் பக்கங்களை அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் வரும் உராய்வே பிடிமானம். கான்கிரீட்டில் இது விரைவான, நம்பகமான வழி. துளை போட்டு, அடித்து, முறுக்கிய உடனேயே எடை ஏற்றிவிடலாம்.

ஆனால் பிடிமானம் முழுவதும் சுவர் திருப்பித் தரும் அழுத்தத்திலிருந்து வருகிறது என்பதையே, நான் அனுபவப்பட்டுக் கற்றுக்கொண்டேன். செங்கல் நசுக்கும் விசையை ஓரளவு தாங்கும். பிளக்கும் விசையைத் தாங்காது. முதல் போல்ட் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே உறை விரிய விரியச் செங்கல் பொடிந்து வழிவிட்டிருக்கிறது. படியின் மூலைக்கு அருகில் வைத்த இரண்டாவது போல்ட் நன்றாக இறுகியது. ஆனால் கடைசிச் சுற்றில் செங்கல் குறுக்கே விண்டு, பூச்சில் விரலளவு நீளத்துக்கு வெடிப்பு ஓடியது. போல்ட்டை அதன் பின் கையால் அசைக்க முடிந்தது. கொத்தனார் இன்னும் தடித்த போல்ட்டைப் போடலாம் என்றார். தடித்த போல்ட் இன்னும் அகலமாக விரியும். இன்னும் பெரிதாகப் பிளக்கும். சுவர் ஏற்காத ஒன்றின் அளவைக் கூட்டுவதால் பயன் இல்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

கெமிக்கல் ஆங்கர் சுவரைத் தள்ளுவதில்லை. துளைக்குள் செலுத்தும் இருகூட்டுப் பசை (டியூபின் முனையில் இரண்டு பொருள்கள் கலந்து இறுகுவது), செங்கல்லின் நுண்துளைகளிலும் சாந்தின் பொந்துகளிலும் புகுந்து இறுகி, மரையிட்ட கம்பியைச் சுற்றி ஒரு வேரைப் போலப் படிகிறது. இழுக்கும் விசை ஒரு விளிம்பில் குவியாமல் துளையின் முழு நீளத்துக்கும் பரவுகிறது. உள்ளிருந்து பிளக்கும் அழுத்தம் இல்லாததால், மூலைக்குச் சற்று அருகிலும் வைக்க முடிகிறது. சுவருக்குள் எங்கே பொந்து இருக்கிறது என்று தெரியாத எங்களைப் போன்றவர்கள், பசை வீணாக ஓடிவிடாதபடி வலைக்குழாய் ஒன்றைத் துளைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். நான் 10 மில்லிமீட்டர் கம்பிக்கு 16 மில்லிமீட்டர் துளையிட்டு, வலைக்குழாய் வைத்துப் பசை நிரப்பினேன். பூச்சின் தடிமனை ஆழக் கணக்கில் சேர்க்கக் கூடாது. செங்கல்லுக்குள் போகும் ஆழமே ஆழம்.

இதில் எல்லாவற்றையும்விட முக்கியமானது துளையின் தூய்மை. துளைக்குள் செங்கல் பொடி இருந்தால் பசை பொடியைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. கம்பி பொடி உறையோடு அப்படியே வெளியே வந்துவிடும். காற்றடித்து, வட்டத் தூரிகையால் தேய்த்து, மீண்டும் காற்றடித்து, பொடி பறப்பது நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். துளையிடும்போது மிஷினின் சுத்தியல் அடியை நிறுத்திவிட்டுச் சுழற்சியை மட்டும் பயன்படுத்தினால் செங்கல் உதிராது. நேரம் கூடும், பரவாயில்லை. டியூபிலிருந்து முதலில் வரும் பசை சரியாகக் கலந்திருக்காது. நிறம் சீராகும்வரை வருவதை வெளியே தள்ளிவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் பசை சில நிமிடங்களில் இறுகத் தொடங்குவதால் அதிகாலையில் வேலையைத் தொடங்குவது நல்லது. கலவை முனைக்குள் பசை இறுகிவிட்டால் அந்த முனை பயன்படாது. ஆகவே துளைகள் அனைத்தையும் முன்பே போட்டுத் துடைத்து வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் நிரப்பிவிட வேண்டும். செலவு ஆங்கர் போல்ட்டைவிடக் கூடுதல்தான். வெள்ளையடிக்கும்போது நட்டைக் கழற்றிக் கைப்பிடிக் கம்பியை எடுத்துவிடலாம் என்றாலும், மரையிட்ட தண்டு சுவரிலேயே நிரந்தரமாக நிற்கும்.

தூண்களின் பக்கம் இவ்வளவு யோசனை தேவைப்படவில்லை. அறுகோணத் தலையுள்ள கோச் ஸ்க்ரூவையே பயன்படுத்தினேன். தேக்கில் வழித்துளை போடாமல் முறுக்கினால் மரம் விண்டுவிடும், அல்லது ஸ்க்ரூ முறியும். 8 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு, மரை ஏறும் பகுதியில் 6 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும், மரையில்லாத கழுத்துப் பகுதியில் முழு 8 மில்லிமீட்டராகவும் துளையிட்டு, மரையில் மெழுகு தடவி ஏற்றினோம். நார் ஓட்டத்துக்குக் குறுக்காக ஏறும் ஸ்க்ரூ உறுதியாகப் பிடிக்கும். மரத்தின் வெட்டுமுனையில் நாரோடு இணையாக ஏறும் ஸ்க்ரூவை இழுப்புக்கு நம்பக் கூடாது. பித்தளை ஸ்க்ரூதான் வேண்டும் என்பவர்களுக்கு எங்கள் ஆசாரி சொன்ன முறை: அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் ஏற்றி மரையை வெட்டிவிட்டு, அதைக் கழற்றியபின் பித்தளையை ஏற்றினால் தலை முறியாது. மழைச் சாரல் படும் இடம் என்பதால் சுவரிலும் தூணிலும் துருப்பிடிக்காத எஃகையே போட்டோம். சாதா இரும்பு ஈரம்பட்டால் தேக்கில் கறுப்புக் கறையை இறக்கிவிடும்.

கம்பி வைத்து இரண்டு ஐப்பசி மழைகள் கடந்துவிட்டன. ஒரு தாங்கியும் அசையவில்லை. பசை 20 ஆண்டுகள் எப்படி இருக்கும் என்பதற்கு என் அனுபவம் சாட்சி சொல்லாது. அதனால் ஒவ்வொரு தை மாதமும் எல்லா நட்டுகளையும் ஸ்பேனரால் ஒருமுறை சரிபார்க்கிறேன். நேரடியாகக் கான்கிரீட்டிலேயே மரை வெட்டிக்கொண்டு ஏறும் ஸ்க்ரூவை மொட்டை மாடிப் பீமில் இரண்டே இடங்களில் போட்டிருக்கிறேன். அங்கே அது நன்றாக நிற்கிறது என்றாலும், சுண்ணாம்புச் சுவருக்கு அதைப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை. கான்கிரீட் சுவராக இருந்திருந்தால் நானும் ஆங்கர் போல்ட்டையே போட்டிருப்பேன்.

விண்டுபோன மூலைச் செங்கல்லை எடுத்துவிட்டுக் கொத்தனார் வேறு செங்கல் வைத்துப் பூசினார். அந்த இடத்தில் தாங்கி எதுவும் வைக்கவில்லை. ஒரு முழம் தள்ளி, முழுச் செங்கல்லின் நடுவில் வைத்தோம்.